அரைக்கட்டி சிவப்புப் புழு

ஹைட்ரூன் டீட்யன் சொன்ன பொய் ஒரே ஒரு சொல்தான்: "வியாழக்கிழமை."

மீன்வளர்ப்போர் சங்கத் தலைவன் ஃபோல்க்மார் போனில் கேட்டான், "கடைசியா எப்ப தீனி போட்டது?" அவள் சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. பஸ்ஸில் ஏறுகிறவர் "இது துறைமுகம் போகுமா?" என்று கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லுமே, அப்படி வந்து விழுந்தது. உண்மையில் தொட்டிக்குள் கடைசித் தீனி விழுந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. போட்ட கை அவளுடையது.

ஐம்பத்தாறு வயது. ஜெர்மனியில் பிரேமர்ஹாஃபன் நகரப் பேருந்தை இருபத்தோரு வருஷமாக ஓட்டுகிறாள். சொந்தமாகக் கார் கிடையாது. "நாள் பூரா ஓட்டிட்டு, அப்புறம் வீட்டுக்கும் நானே ஓட்டணுமா?" என்பாள். இரண்டு அறை வீட்டில் பதினொரு மீன்தொட்டிகள். கணவர் என்று ஒருவர் இருந்தார். ஆறாவது தொட்டி வந்தபோது அவர் போனார். சண்டை எல்லாம் இல்லை, இடநெருக்கடிதான் என்பது அவள் கட்சி.

சங்கம் வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மீன்சந்தை நடத்தும். வாசலோரம் மேஜை போட்டு, புதியவர்களுக்குப் பொட்டலம் கட்டச் சொல்லித்தருவது ஹைட்ரூன். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. அடி மூலைகளை மடித்து ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிறிய மீன் அந்த முக்கில் போய்ச் சிக்கி நசுங்கும். பிறகு அந்தப் பையைத் தலைகீழாக இன்னொரு பைக்குள். அதன்பின் தெர்மோகோல் பெட்டி, இருட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு நாள் பட்டினி. "மீன் பசியில சாகாது. தன் கழிவுலதான் சாகும். பைக்குள்ள கக்கூஸ் கிடையாது, புரிஞ்சுதா?" கூட்டம் சிரிக்கும். சிரித்தவன் மறக்க மாட்டான் என்று அவள் நம்பினாள்.

அவளும் மறக்கவில்லை. அதுதான் சங்கடம்.

மீன்கள் ஒட்டோகார் வெண்டுடையவை. ரேகன்ஸ்பூர்கில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மனிதர், எழுபத்து மூன்று வயது. மீன்கள் விரல் கணு நீளம், மஞ்சள் விலா, பேனாவை உதறிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். குட்டி போடுகிற ஜாதி. மெக்சிகோவில் ஏதோ ஓர் ஊற்றுக்குளத்து மீன். அந்த ஊற்று வற்றிவிட்டது. மீன் மட்டும் இங்கே சிலருடைய வரவேற்பறையில் மிச்சம். ஒட்டோகார் முப்பத்தொரு வருஷம் அந்த வம்சத்தை வேறெதனோடும் கலக்காமல் வளர்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பகட்டில்லாத மீன், பலருக்குச் சலித்துப்போயிற்று. கடைசியில் அவரைத் தவிர இன்னும் ஒருத்தியிடம் மட்டும்தான் இருந்தது: பெல்ஜியத்தில், மெக்கலன் ஊரில், கோடெலீவ் என்ற ஆஸ்பத்திரி நர்ஸிடம். அவளிடமும் பெண்மீன்கள் ஒவ்வொன்றாக வயதாகிச் செத்து, நான்கு ஆண்கள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

வசந்தத்தில் ஒட்டோகார் மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். முதியோர் குடியிருப்பில் இடம் கிடைத்தது. தொட்டிக்கு அங்கே அனுமதி இல்லை. ஏற்பாடு இதுதான்: ஹைட்ரூன் போய்ப் பதினேழு மீன்களையும் கொஞ்சம் செடிகளையும் ரயிலில் கொண்டுவருவாள், தேறிய பிறகு அதில் ஆறு பெண்மீன்கள் கோடெலீவுக்கு. இரண்டு வீட்டிலும் வம்சம் தொடரும்.

"நீயே வந்து எடுத்துட்டுப் போ. பார்சல்ல வேணாம்," என்றார் ஒட்டோகார். சங்கத்தில் வயது பார்ப்பதில்லை, எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். "உன் கையில குடுத்தா எனக்குத் தூக்கம் வரும்."

ஜூலை மாத வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்தாள். "அவர் சொன்னபடி நேத்துக் காலையோட தீனியை நிறுத்திட்டேங்க. பாவம், என்னைப் பாக்கிறப்பல்லாம் கண்ணாடிகிட்ட ஓடி வருதுங்க."

ஹைட்ரூனைப் பார்த்தும் ஓடி வந்தன. பதினேழும் கண்ணாடியில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. அவள் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. தொட்டித் தண்ணீரைக் குடங்களில் பிடித்தாள், செடிகளைப் பிடுங்கி வேர் அலசினாள். பிறகு தனக்குக் குளிர்ந்த தண்ணீர் இருக்குமா என்று பார்க்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள். உறைபெட்டியில் அரைக்கட்டி சிவப்புப் புழு இருந்தது, மீன்தீனிக்காகக் கட்டியாக உறையவைத்து விற்பது. நல்ல சரக்கு, ஒட்டோகார் மட்டமானதை வாங்கமாட்டார். மறுநாள் பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்கிற ஆட்கள் வந்து அந்தப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஒரு மூலையை மட்டும் உடைத்தாள். ஒரு மூலை என்ன செய்துவிடும்? எட்டு மணி நேரப் பயணம்தானே. இரண்டு நாள் பட்டினி என்பதெல்லாம் தத்தித் தடுமாறுகிற புதியவர்களுக்கு. அவளுக்கு இருபது வருஷ அனுபவம். மீன்கள் அந்த மூலையை நான்கு நொடியில் முடித்தன. கையில் மீதி உருகத் தொடங்கியது. உருகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. குப்பையில் போட மனம் வரவில்லை. போட்டாள். பதினேழு வயிறும் பட்டாணி மாதிரி உருண்டன. அழகாக இருந்தது. அவள் உட்கார்ந்து பார்த்தாள்.

காலையில் மூன்று பைகள் கட்டினாள்: ஆண்கள் ஒன்றில், பெண்கள் இரண்டில். ஒவ்வொரு பையிலும் சங்கத்துச் சீட்டு: மீனின் பெயர், எண்ணிக்கை, கட்டிய நேரம், கடைசித் தீனி. கடைசிக் கட்டத்தை நிரப்பவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.

வூர்ட்ஸ்பூர்க் தாண்டிச் சோளக்காட்டு நடுவில் ரயில் நின்றது. முன்னால் எங்கோ மின்கம்பி அறுந்திருந்தது. குளிர்சாதனமும் நின்றது. எதிர் இருக்கையில் கல்யாணத்துக்குப் போகிற ஒரு பருத்த மனிதர், கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

"உள்ள பீரா?"

"மீன்."

"வறுக்கவா, புகைபோடவா?"

"ஒண்ணு ஒரு கிராம்கூட வராதுங்க. நீங்க பசியோடதான் எழுந்திரிப்பீங்க."

அவர் சிரித்து, தன் செய்தித்தாளை அவளிடம் கொடுத்தார்: "பெட்டி மேல போடுங்க, வெயில் அடிக்குது." டிக்கெட் பரிசோதகி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பெட்டியின் கதை கேட்டதும் ரயிலின் உணவகத்துக்கு ஓடிப் பனிக்கட்டியைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தாள். "பைக்கு மேலயே வைக்கலாமா? ரொம்பக் குளிர்ந்துராதா?" சரியான கேள்வி. சந்தையில் பாதிப் பேருக்கு அது தோன்றாது. மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது முறை ஹைட்ரூன் மூடியைத் திறக்கவில்லை. "நல்லா இருக்குங்க," என்றாள். நன்றாக இல்லை. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. பையின் அடியில் சிவந்த நூல் நூலாகக் கழிவு. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடின. அது வெப்பம் இல்லை. வெப்பமாக இருந்தால் பனிக்கட்டி வைத்ததும் தணிந்திருக்கும். அது என்ன என்று அவளுக்குத் தெரியும். வாசலோர மேஜையில் நின்று எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

ஹனோவரில் இணைப்பு ரயில் போய்விட்டிருந்தது. எட்டு மணி நேரம் பதினொன்றரை ஆனது. சாயங்காலம் ஆறரைக்கு, வெயில் இன்னும் சாயாத சமையலறையில் பெட்டியைத் திறந்தபோது நாற்றம் முதலில் வந்தது. ஆண்கள் பையில் எதுவும் அசையவில்லை. பெண்களில் மூன்று, மல்லாந்து, செவுளை மட்டும் ஆட்டின. அந்த மூன்றும் ராத்திரி தேறின. மூன்றும் பெண்.

ஈரத் தாளில் சுற்றிவந்த செடிகளில் ஓர் இலைகூட வாடவில்லை. அவற்றை நட்டபோது அவளுக்குக் கோபம் வந்தது, செடிகள் மேல்.

மறுநாள் ஃபோல்க்மார் போன் செய்தான். அவள் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னாள். அவன் சங்கத்தின் மாத மடலில் எழுதினான். நல்ல மனது, வேகமான கை, ஆற அமர யோசிக்கிற பழக்கம் இல்லாதவன். 'விதிப்படி பட்டினி, விதிப்படி பொட்டலம். கொன்றது ரயில். ஊழியர்கள் ஒருவர்கூட உதவிக்கு வரவில்லை.'

"ஊழியர் வரலன்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் ஹைட்ரூன்.

"அட, அவங்க எப்பதான் வந்திருக்காங்க?"

அதை அவள் மேலே பேசவில்லை. பேசினால் பனிக்கட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனிக்கட்டி இருந்தும் ஏன் செத்தது என்று அடுத்த கேள்வி வரும். இருபத்தோரு வருஷமாக, கப்பலுக்காகப் பாலம் தூக்கினாலும் பனி கொட்டினாலும் ஜனங்கள் "பஸ் லேட்டு" என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் திட்டியிருக்கிறார்கள். வண்டி மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? இப்போது துண்டில் பனிக்கட்டி முடிந்து ஓடிவந்த அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் ஸ்டியரிங்கில் கை வியர்த்தது.

மடல் வந்தபின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டோகார் கூப்பிட்டார். அவர்தான் அவளைத் தேற்றினார்.

"மனசைப் போட்டு உழப்பிக்காதே. நான் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சே."

"ஒட்டோகார்..."

"மூணு இருக்குல்ல? கோடெலீவ்கிட்ட நாலு ஆண் இருக்கு. சேர்த்து வெச்சாப் போதும். ஆனா சீக்கிரம். அதுங்களுக்கு ஒன்றரை வயசாச்சு, அடுத்த வருஷம் குட்டி போடாது."

அன்றே அவள் மெக்கலனுக்குப் போன் செய்தாள். கோடெலீவ் பேச்சில் சர்க்கரை கலக்காதவள்.

"மாட்டேன்," என்றாள்.

"என்ன மாட்டேன்?"

"என் ஆணுங்களை அனுப்ப மாட்டேன். உன் பெண்ணுங்களையும் நீ கொண்டு வராதே. மடலைப் படிச்சேன். ரெண்டு நாள் பட்டினி, ஒழுங்கான பொட்டலம், பதினொரு மணி நேரம், பதினாலு சாவு. சாதாரணமா இதுங்க ஒருநாள் பூரா பையில தாங்கும். இது தாங்கலன்னா என்ன அர்த்தம்? முப்பது வருஷமா சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி ரத்தம் நொந்துபோச்சு. பயணம் பண்ற உடம்பு இல்ல. இனி அசைச்சா, இருக்கிற ஏழும் போயிரும்."

"அப்படியே விட்டா ரெண்டு வருஷத்துல தானா போயிரும்."

"தானா போறது வேற. நான் பையில கட்டிக் கொல்றது வேற. ஆஸ்பத்திரியில தினம் பாக்கிறேன் ஹைட்ரூன், வீட்டுலயும் வேணாம். உன் மேல கோபம் இல்ல. உன்னை மாதிரி கட்டத் தெரிஞ்சவளாலயே முடியலன்னா, வேற யாரால முடியும்?"

போனை வைத்தபின் ஹைட்ரூன் தொட்டி முன்னால் நின்றாள். கோடெலீவ் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மீன்கள் பலவீனமானவை என்று அவளை நினைக்க வைத்தது அந்த ஒற்றைச் சொல். உயிரோடு இருந்த பதினான்கை அரைக்கட்டிப் புழு கொன்றது. மிச்சமுள்ள ஏழையும், பிறக்க வேண்டியவற்றையும் அந்த வியாழக்கிழமை கொல்லப்போகிறது.

உண்மையைச் சொல்லாமல் பன்னிரண்டு நாள் தள்ளினாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் கண்டுபிடிக்காத வழி இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மா தெரியாமல் போட்டிருப்பாள் என்று சொல்லலாம். அதை நினைத்தபோது பஸ்ஸில் தனியாக இருந்தாள், தன் மேலேயே அருவருத்து ஒலிப்பானை அழுத்திவிட்டாள். பாதசாரி ஒருவர் குதித்து ஒதுங்கினார்.

முதலில் ஒட்டோகாரிடம் சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. ஞாயிறு வரை காத்திருந்தால் அவர் மறுபடி தேற்றுவார். வியாழக்கிழமை மதியம், பணிமனை ஓய்வறையில், ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஒட்டோகார், நான் தீனி போட்டேன். உன் வீட்டுல, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரயில் இல்ல. நான்தான்."

அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம்.

"எவ்வளவு?"

"அரைக்கட்டி."

"சிவப்பா, கறுப்பா?"

"சிவப்பு."

"சிவப்பா!" அவர் குரல் உடைந்தது அந்த இடத்தில்தான். கறுப்பாக இருந்திருந்தால் லேசாகச் செரித்திருக்கும், பாதியாவது பிழைத்திருக்கும். சிவப்பு கனம் என்பது அவளுக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியும். "எதுக்கு ஹைட்ரூன்? உனக்கா தெரியாது?"

"வீணாப் போகுதேன்னு." சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டது. "பசியோட பாத்துதுங்க. வீட்டைக் காலி பண்ண ஆளுங்க வரப்போறாங்க, தூக்கித்தான் போடணும்... அதான்."

"முப்பத்தொரு வருஷம்," என்றார். பிறகு, "ரெண்டு வாரமா நான் உனக்கு ஆறுதல் சொல்லிட்டிருக்கேன். அதையும் கேட்டுட்டு இருந்திருக்கே."

"ஆமா."

"நான் வைக்கிறேன்." வைத்துவிட்டார்.

கோடெலீவ் வேறு மாதிரி. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அதில் கோபத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. "அப்போ மீனுக்கு ஒண்ணும் இல்ல. நோயாளி நல்லா இருக்கான், நர்ஸுதான் முட்டாள். நல்ல சேதி." அப்புறம் குரலைக் கடினமாக்கினாள். "உன் பெண்ணுங்க மூணும் இங்க வரட்டும். இனி இங்கதான். உன்கிட்ட ஆண் அனுப்ப மாட்டேன், அது நடக்காது."

மூன்றையும் கொடுத்துவிட வேண்டும். ஹைட்ரூன் எதிர்பார்க்கவில்லை. "சரி," என்றாள்.

"இன்னொண்ணு. கிளம்பற முந்தின ரெண்டு நாளும், காலையில ராத்திரி, போன்ல தொட்டியைக் காட்டணும். வயித்தைப் பாக்கணும் நான்."

"கோடெலீவ், எனக்கு இருபது வருஷ..."

"தெரியும், தெரியும். வயித்தைக் காட்டு."

ஃபோல்க்மாருக்கு அவள் திருத்தம் எழுதி அனுப்பினாள். அவன் நேரில் வந்தான், தாளை மடித்துப் பிடித்தபடி. "ஒரு வரி போதுமே? 'சில விவரங்கள் விடுபட்டன'ன்னு. வாசல் மேஜையில நீதான நிக்கிறே, ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"உள்ளபடி நினைக்கட்டும். அந்தப் பரிசோதகிப் பொண்ணைப் பத்தின வரியை மொதல்ல போடு."

அவன் போட்டான். அடுத்த கூட்டத்தில் பீர் வாங்கிவரும்போது ஒருவர், "ஹைட்ரூனுக்கு வறுவல் சொல்லலாமா, இல்ல ரெண்டு நாள் பட்டினியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

செப்டம்பர் முதல் வாரம், நான்கு முறை வயிறு காட்டியபின், மூன்று மீன்களையும் மூன்று தனிப் பைகளில் கட்டி மெக்கலனுக்குக் கிளம்பினாள். சீட்டில் நான்கு கட்டங்களையும் நிரப்பினாள். கொலோனில் ஒரு மணி நேரத் தாமதம். மூடியைத் திறந்து பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. திறந்தால் வெளிச்சம் பட்டு மிரளும். மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைக்கும் பெட்டியோடு போனாள்.

கோடெலீவின் வீட்டில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, பைக்குள்ளும். அவள் ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம்," என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு. மூன்றையும் தொட்டியில் விட்டதும், வேறெதுவும் பேசுமுன் ரேகன்ஸ்பூர்கில் ஒட்டோகாருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில்லாமல் காதில் வைத்துக்கொண்டாள்.

"வந்துருச்சு. மூணும். நீந்துது... ஆமா... ஆமா, இங்கதான் இருக்கா. குடுக்கவா?"

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹைட்ரூன் கையைத் துடைத்துத் துடைத்து உலர்ந்துபோன துண்டை மறுபடி மடித்தாள்.

"இன்னிக்கு வேணாமாம்," என்றாள் கோடெலீவ், போனை மூடாமலே.

"சரி."

"ஆனா கேட்கறாரு: ஆணுங்க கிட்ட வந்துதா, இல்ல பெண்ணுங்க ஒளிஞ்சிக்கிச்சான்னு. எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

ஹைட்ரூன் தொட்டி முன்னால் முழங்காலிட்டாள். செடிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருந்தன. மூன்றாவது வெளியில் நின்றது. ஓர் ஆண் துடுப்பை விரித்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பயந்து விலகி, மறுபடி வந்தது.

"ரெண்டு ஒளிஞ்சிருக்கு," என்றாள். "ஒண்ணு வெளிய நிக்குது. பெரிய ஆண் பக்கத்துல இருக்கு. இன்னும் ஒண்ணும் நடக்கல."

கோடெலீவ் அதை அப்படியே போனில் சொன்னாள். அடுத்த கேள்வி வந்தது. ஹைட்ரூன் எழுந்திருக்கவில்லை.